எட்டுத் துண்டு ரொட்டி: மூன்றாவது முயற்சி

ஒருவழியாக இந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டி எட்டாகப் பிய்ந்தது.

கி.பி. 79-ல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த பொம்பெய், ஹெர்குலேனியம் நகரங்களில் கிடைத்த ரொட்டியைத்தான் ஒரு மாதமாக வீட்டு ஓவனில் சுட்டுப் பார்க்கிறேன். பொம்பெயில் மொடெஸ்டஸ் என்பவருடையது என்று சொல்லப்படும் அடுமனையில், 1862-ல் 81 ரொட்டிகள் கிடைத்தன. அத்தனையும் கரி. கடும் சூடு இருந்தது, காற்று போதவில்லை. அதனால் எரிந்து சாம்பலாகாமல் கரியாகவே நின்றுவிட்டன. கரிமூட்டத்தில் விறகுக்கு நடப்பதும் இதேதான். வட்ட ரொட்டி, மேலே எட்டுப் பிளவு, விலாவைச் சுற்றி ஒரு பள்ளம். படத்தில் பார்த்தால், நேற்று யாரோ தீய விட்டுவிட்டதுபோல் இருக்கும்.

முதல் தடவை 400 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் மைதா, ஆறு நாள் புளிக்க வைத்த மாவு. மேலே கத்தியால் கீறினேன். பொங்கியதும் கீறல் மூடிக்கொண்டது. வந்தது வெறும் பன்.

இரண்டாவது முறை கயிறு. விலாப் பள்ளம் கயிறு கட்டிய தடமாக இருக்கலாம் என்கிறார்கள். பருத்திக் கயிற்றை நனைக்காமல் கட்டிவிட்டேன். மாவு அதைக் கவ்விக்கொண்டது. சாப்பிடும்போது பல்லில் நூல். அம்மா ஒரு வாய் கடித்துவிட்டு, "இதை எரிமலையே மூடியிருக்கலாம்டா" என்றார்.

இந்த முறை கயிற்றை எண்ணெயில் ஊற வைத்தேன். கத்தியை விட்டுவிட்டு, தோசைத் திருப்பியின் விளிம்பை உலர்ந்த மாவில் தொட்டு, ஓவனில் வைக்கும் முன் முக்கால் ஆழத்துக்கு அழுத்தினேன். தொட்டுக்கொண்ட அந்த மாவுதான் சூட்சுமம். பிளவு ஒட்டவே இல்லை. 220 டிகிரி, 40 நிமிடம். அடியில் தட்டினால் 'டொக்' என்று காலிச் சத்தம்.

அந்தக் காலத்து மாவு இவ்வளவு நைசாக இருந்திருக்காது. பொம்பெய் அடுமனைகளின் திரிகைகள் எரிமலைக் கல்லில், உடுக்கை மாதிரி இடை சிறுத்து இருக்கும். கழுதைகளும் அடிமைகளும் அவற்றைச் சுற்றினார்கள். அடுத்த தடவை கொஞ்சம் ரவை கலக்க வேண்டும்.

கடைசியில் முத்திரையில்தான் சொதப்பினேன். ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டியில், 'குவின்டஸ் கிரானியஸ் வெருஸின் அடிமை கெலெருடையது' என்று குத்தியிருக்கிறது. அந்தக் கெலெர் என்ற பெயரை மட்டும், லத்தீனில் ஐந்தே எழுத்து, உருளைக்கிழங்கில் செதுக்கினேன். அச்சில் இடவலம் மாறும் என்பது ரொட்டியில் குத்திய பிறகுதான் உறைத்தது.

எழுத்து இடவலம் மாறியிருந்த துண்டை அம்மாதான் எடுத்துக்கொண்டார். டீயில் தொட்டு முழுவதும் சாப்பிட்டார்.