அந்தக் கதவு தொறக்குற சீன்

நேத்து ராத்திரி மறுபடியும் லியோன் பாத்தேன், 1994ல பிரெஞ்சு டைரக்டர் லூக் பெஸ்ஸோன் எடுத்த படம், இன்னிக்கும் அந்தக் கதவு சீன் வந்தா மூச்சே நின்னுடுது. மதில்டாங்கற சின்னப் பொண்ணோட வீட்ல எல்லாரையும் சுட்டுட்டாங்க, கடைக்குப் போயிட்டு வந்த அவ தன் வீட்டைத் தாண்டி நேரா நடந்து போய் கூலிக்குக் கொலை பண்ற லியோனோட வீட்டு பெல்லை அடிச்சுட்டு அழுதுகிட்டே நிக்கிறா, அவன் உள்ள நின்னு தொறக்கலாமா வேணாமான்னு தவிக்கிறான், தொறந்ததும் அவ மூஞ்சில வெளிச்சம் விழும் பாருங்க! மதில்டாவா நடிச்ச நடாலி போர்ட்மனுக்கு அதுதான் முதல் படம், நம்பவே முடியல.

கதை நியூயார்க்ல நடந்தாலும் எனக்கு அது பிரெஞ்சு படம்தான். சண்டையை விட லியோனா நடிச்ச ழான் ரெனோ செடிய தொடைக்கிறதும் பால் குடிக்கிறதும்தான் மனசுல நிக்குது. அந்தப் பொண்ணு காதல்னு பேசுற இடம் மட்டும் அப்பவும் ஒப்பல, இப்பவும் ஒப்பல.

கடைசில செவுத்து ஓட்டை வழியா லியோன் அவளை அனுப்பறப்போ அழுதுட்டேன்.