ஐந்துக்கு 3.41

என் பட்டப்படிப்பின் ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், ஐந்துக்கு 3.41. மருத்துவம் படிக்க ஆசைப்படும் தம்பி தங்கைகள் என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்பது கடைசியில் இதைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மதிப்பெண்ணோடு 2021இல் விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை. இதே மதிப்பெண்ணோடு 2023இல் மறுபடி விண்ணப்பித்தேன், இடம் கிடைத்தது. பட்டம் வாங்கிய பிறகு ஜிபிஏ ஒரு புள்ளிகூட நகராது. அப்படியானால் இடையில் என்ன நடந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் மருத்துவக் கல்லூரிகள் மூன்று. தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் பல்கலைக்கழகத்திலும் ஐந்தாண்டுப் படிப்பு. பெரும்பாலும் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்த கையோடு சேர்பவர்களுக்கானது. மூன்றாவது அவுட்ரமில் இருக்கும் டியூக்-என்யுஎஸ். 2007இல் முதல் அணி சேர்ந்த கல்லூரி. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களை மட்டும் எடுக்கும், நான்கே ஆண்டு. எம்கேட் அல்லது காம்சாட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். பதினெட்டு வயதில் முதல் இரண்டு கதவும் எனக்குத் திறக்கவில்லை. உயிரியல் பட்டம் படித்தேன், மூன்றாவது கதவை நம்பி.

பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை. வாரத்தில் நான்கு மாலை டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உட்லண்ட்சில் இரண்டு வீடு, ஈசூனில் ஒன்று. இவை உண்மை. ஆனால் கரிம வேதியியலில் சி வாங்கியதற்கு அப்பாவின் நெஞ்சு மட்டும் காரணமில்லை என்பதும் உண்மை. புரியாததைப் பேராசிரியரிடம் போய்க் கேட்கக் கூச்சப்பட்டேன். பழைய வினாத்தாள்களை மனப்பாடம் செய்தேன். உயர்நிலைப் பள்ளியில் அது போதுமானதாக இருந்தது, இங்கே போதவில்லை. இந்த இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று ஆண்டு பிடித்தது.

நிராகரிப்புக் கடிதம் வந்த வாரம் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, தெரிந்தவர் மூலம் ஒரு முகவரின் எண்ணை வாங்கி வந்தார். வெளிநாட்டில் ஒரு கல்லூரி, மதிப்பெண் பார்க்கமாட்டார்கள், பணம் கட்டினால் போதும். அப்பாவின் தவிப்பு எனக்குப் புரிந்தது. ஆனால் எந்த வெளிநாட்டுப் பட்டம் இங்கே செல்லும் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. 160 கல்லூரிகள் இருந்த அந்தப் பட்டியலை 2020இல் 103 ஆகக் குறைத்திருந்தார்கள். முகவர் சொன்ன கல்லூரி அதில் இல்லை. பட்டியலைத் திறந்து அப்பாவிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை மேலும் கீழும் தேடிவிட்டு எண்ணை அழித்தார். முகவரிடம் முன்பணம் கட்டும் முன்னால் ஒவ்வொரு குடும்பமும் இந்த ஒரு வேலையைச் செய்ய வேண்டும். கட்டிவிட்டுத் தவிப்பவர்களை எனக்கே தெரியும்.

அப்போது நான் ஒரு மருத்துவமனையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே தாதி அக்கா ஒருவர், இருபது ஆண்டு அனுபவம். என் பழைய விண்ணப்பக் கட்டுரையை அவரிடம் கொடுத்தேன். பென்சிலோடு படித்தார். காரணம் சொல்லும் ஒவ்வொரு வரியின் கீழும் கோடு போட்டார். முதல் பக்கம் முழுக்கக் கோடு.

"படிச்சா பாவமா இருக்கு," என்றார். "பாவப்பட்டு யாராச்சும் சீட்டு குடுப்பாங்களா? நாளைக்கு நீ ஊசி போடப்போற ஆளு, உன்மேல பரிதாபம் வந்து என்ன பிரயோஜனம்?"

அன்று அழுதேன். ஆனால் அந்தப் பென்சில் கோடுகள் போட்ட தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

அடுத்த சுற்றுக்கு உடனே விண்ணப்பிக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். நான் எடுத்த முடிவுகளிலேயே கடினமானது அதுதான், சரியானதும் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதே கோப்பைத் தூசி தட்டி, தேதியை மாற்றி அனுப்பினால் அதே பதில்தான் வரும். காட்டுவதற்குப் புதிதாக எதுவும் இல்லாமல் போய் நிற்கக்கூடாது. அப்பா விரல் விட்டு எண்ணினார். "2024ல சேந்தா, முடிக்கும்போது முப்பத்தொண்ணு. அப்புறம் ஒப்பந்தப்படி இங்கேயே வேலை பாக்கிற பணிக் கடமை நாலு வருஷம். முப்பத்தஞ்சு ஆயிடுமேமா." ஆகும்தான். படிக்காவிட்டாலும் எனக்கு முப்பத்தைந்து வயது ஆகும் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னார்.

முதல் வேலை எம்கேட். முதல் முறை 501. மதிப்பெண் 472இல் தொடங்கி 528 வரை போகும். நான்கு பிரிவு, ஒவ்வொன்றும் 118 முதல் 132. என்னைக் கவிழ்த்தது அறிவியல் இல்லை, வாசிப்புப் பகுதி. 90 நிமிடத்தில் 53 கேள்வி. தத்துவம், கலை வரலாறு, பொருளியல் என்று எங்கிருந்தோ எடுத்த பத்திகள். எனக்கு வந்தது 122. ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவள்தான், வேகமாகவும் வாசிப்பேன். வேகமாக வாசித்துவிட்டுப் புரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன், பிரச்சினை அங்கே இருந்தது.

இதற்கு வழி கிடைத்தது எங்கள் வீட்டுச் சமையலறையில். ஒரு நாள் பயிற்சிப் பத்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா வெங்காயம் நறுக்கியபடி, "என்னதான் சொல்றான் அதுல?" என்று கேட்டார். சொல்லத் தொடங்கினேன், வரவில்லை. ஆங்கிலச் சொற்களை அப்படியே திருப்பிச் சொன்னேன். "அதெல்லாம் வேணாம். ஒரே வரியில, தமிழ்ல சொல்லு." மறுபடி பத்திக்குப் போனேன். பத்து நிமிடம் கழித்து, "பழைய கட்டடத்தைப் புதுசு மாதிரி ஆக்கினா அது பழைய கட்டடமே இல்லைங்கிறாருமா" என்றேன். அம்மா, "தேக்காவுல நிறைய அப்படித்தான் இருக்கு" என்று வெங்காயத்தைத் தொடர்ந்தார். அன்றிலிருந்து ஏழு மாதம், தினமும் இரவு இரண்டு பத்தி. தமிழில் ஒரே வரியில் சொல்ல வராவிட்டால் எனக்குப் புரியவில்லை என்று கணக்கு. இரண்டாம் முறை வாசிப்புப் பகுதியில் 127, மொத்தம் 513. எம்கேட்டைச் சும்மா முயன்று பார்க்கலாம் என்று எழுதிவிடாதீர்கள். வாழ்நாளில் ஏழு முறைதான் அனுமதி, ஓராண்டில் மூன்று. எழுதிய ஒவ்வொன்றும் பதிவில் இருக்கும்.

ஜிபிஏயை மாற்ற முடியாதென்றாலும், இப்போது என்னால் படிக்க முடியும் என்று காட்ட வேண்டியிருந்தது. உயிர்ப்புள்ளியியல், தொற்றுநோயியல் என்று பகுதிநேரமாக நான்கு பாடம் எடுத்தேன். வேலை முடிந்து இரவு வகுப்பு. புரியாதபோது வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாய் எழுந்து போய்க் கேட்டேன். மூன்றில் ஏ, ஒன்றில் பி பிளஸ்.

ஆனால் என்னை மாற்றியது பாடங்கள் இல்லை, வேலை. புதிய மருந்து ஒன்றின் ஆய்வில் நோயாளிகளைச் சேர்க்கும் பணி. ஒப்புதல் வாங்குவது மருத்துவரின் பொறுப்பு. தமிழ் பேசும் நோயாளி வந்தால் எடுத்துச் சொல்வது என் பொறுப்பாயிற்று. ஒரு நாள் தாத்தா ஒருவர் வந்தார், துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கட்டம் போட்ட சட்டை, பையில் பழைய மாத்திரை அட்டைகள் ரப்பர் வளையம் போட்டு. படிவம் இருபது பக்கத்துக்கு மேல். அதில் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பை அவர் முன்னால் வாசித்தேன்: சமவாய்ப்பு முறை, மருந்துபோலி. அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

படிவத்தை மூடினேன். "தாத்தா, ரெண்டு டப்பா இருக்கு. ஒண்ணுல மருந்து இருக்கும். இன்னொண்ணுல மாத்திரை மாதிரியே இருக்கும், மருந்து இருக்காது. உங்களுக்கு எது வருதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது."

"அப்ப யாருக்குத்தான்மா தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல இருக்கும். அவசரம்னா மட்டும் திறந்து பாப்பாங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மருத்துவர் பக்கம் பார்க்காமல் கேட்டார்: "நான் கையெழுத்துப் போடலைன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரா? அடுத்த தடவ ஒழுங்கா பாக்கமாட்டாரா?"

இல்லை என்று படிவத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நானே அதை வாசித்தும் காட்டியிருந்தேன். அதையும் மீறி அந்தப் பயம் அவருக்குள் அப்படியே இருந்தது. அவர் கேட்டதை மருத்துவரிடம் சொன்னேன். மருத்துவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, தாத்தாவின் கையைப் பிடித்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லில் "பரவால்ல, பரவால்ல" என்றார். தாத்தா கையெழுத்துப் போடவில்லை. சிரித்தபடி கிளம்பினார். எங்கள் எண்ணிக்கையில் அன்று ஒன்று கூடவில்லை, ஆனால் மருத்துவர் என்னிடம், இன்று நாம் வேலையைச் சரியாகச் செய்தோம் என்றார். எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று வேறெப்போதையும்விட உறுதியாகத் தெரிந்தது அப்போதுதான். புதிய கட்டுரையை அந்தத் தாத்தாவின் கேள்வியிலிருந்து தொடங்கினேன்.

மதிய உணவுப் பொட்டலத்தோடு காலேஜ் சாலைப் பக்கம் நடப்பேன். பெரிய தூண்கள் கொண்ட மருத்துவக் கல்லூரிக் கட்டடம் அங்கே நிற்கிறது, 1926இல் திறந்தது. அதற்கும் முன்னால், 1905இல், டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகரின் தலைமையில் ஊரார் 87,077 வெள்ளி திரட்டிக் கொடுத்துத்தான் இந்த ஊரின் முதல் மருத்துவப் பள்ளி தொடங்கியது. அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் 23 பேர். 1910இல் பட்டம் பெற்று வெளிவந்தவர்கள் 7 பேர். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

விண்ணப்பக் கட்டுரையில் மதிப்பெண்ணை விளக்கும் பகுதி இரண்டாம் முறை ஐந்தே வரி. ஏறத்தாழ இப்படி: "முதல் இரண்டு ஆண்டுகளில் என் மதிப்பெண்கள் குறைவு. அந்தக் காலத்தில் தந்தையின் அறுவை சிகிச்சையும் என் மாலை வேலையும் இருந்தன. உதவி கேட்கத் தயங்கியது என் தவறு. அதன் பிறகு படிக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். அண்மைய நான்கு பாடங்களின் முடிவுகளையும் எம்கேட் மதிப்பெண்ணையும் இணைத்துள்ளேன்." இதற்கு மேல் ஒரு சொல் இல்லை. பரிந்துரைக் கடிதத்துக்கும் இம்முறை பெரிய பெயரைத் தேடிப் போகவில்லை. தாத்தா வந்த அன்று அந்த அறையில் இருந்த மருத்துவரைக் கேட்டேன். என்னை வேலையில் பார்த்தவர் அவர்.

நேர்காணல் எம்எம்ஐ முறையில் நடந்தது: பல நிலையங்கள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், மணி அடித்ததும் அடுத்தது. கேள்விகளை வெளியே சொல்லக்கூடாது, சொல்லவும்மாட்டேன். தாதி அக்கா அடுப்படிக் கடிகாரத்தை வைத்து வாரம் இருமுறை பயிற்சி கொடுத்தார். நான் மனப்பாடம் செய்த பதில் போலப் பேசத் தொடங்கியதும் பென்சிலால் மேசையைத் தட்டுவார். அந்தத் தட்டல் எனக்கு மிகவும் உதவியது.

மின்னஞ்சல் வந்தபோது வீட்டில் இருந்தேன். நீளமான கடிதம், முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. சமையலறைக்குப் போய், கைப்பேசியை நீட்டி ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்கினேன். குரல் உடைந்தது.

அம்மா அடுப்பை அணைத்தார். "ஒரே வரியில சொல்லு."

"கிடைச்சிருச்சுமா."