மலைத் தோட்டத்துக்கு வாக்கி-டாக்கி: எதை வாங்குவது, எப்படி அமைத்துக்கொள்வது

மலைப்பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் செல்போன் பாதி நாள்தான் உதவும். சாலை வளைவில் நின்றால் சிக்னல் முழுதாக இருக்கும்; அடுத்த பள்ளத்தில் இறங்கினால் அறவே இருக்காது. சிறுமலையில் மிளகும் காபியும் வாழையுமாக எங்கள் குடும்பத்துக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. மேல்காட்டில் வேலை பார்ப்பவருக்குக் காட்டுமாடு இறங்கிய செய்தியைச் சொல்லவும், கீழே மோட்டாரை நிறுத்தச் சொல்லவும், யாராவது வழுக்கி விழுந்தால் ஆள் அனுப்பச் சொல்லவும் எங்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. அதற்காக வாக்கி-டாக்கி வாங்கிப் பழகியதில் தெரிந்துகொண்டவற்றை, இதே தேவை உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். குறைந்த விலை செட்டைக் கொண்டே நிறைவாக வேலை வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதற்கு இரண்டு விஷயங்களில் தெளிவு வேண்டும்: வாங்குவதற்கு முன் அலைவரிசையைப் பற்றியும், வாங்கிய பின் நிற்கும் இடத்தைப் பற்றியும்.

அலைவரிசையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் அதிகம் பேசாத பகுதி இதுதான். இந்தியாவில் வானலைக் கருவி எதுவாக இருந்தாலும், அதைப் பயன்படுத்துவதற்கு மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்பது 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்து வரும் பொதுவிதி. அந்த விதிக்குச் சில விலக்குகள் உண்டு. நம் தேவைக்குப் பொருந்தும் விலக்கு, குறைந்த திறன் கொண்ட குறுந்தூரக் கருவிகளுக்காக 2018இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளில் இருக்கிறது. அதன்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறிய பட்டையில், விதிகள் சொல்லும் வரம்புக்குள் இயங்கும் கைக்கருவிகளுக்குத் தனி உரிமம் தேவையில்லை. ஐரோப்பாவில் பிஎம்ஆர்446 என்ற பெயரில் பொதுமக்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் பட்டையும் இதுவே. 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிட்டிசன் பேண்டுக்கும் விலக்கு உண்டென்றாலும், அந்த அலைநீளத்துக்கு முழு ஆன்டெனா வைக்க வேண்டுமானால் ஆளை விட உயரமாக வேண்டும் என்பதால் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு அது உகந்ததல்ல.

இணையக் கடைகளில் வாக்கி-டாக்கி என்று தேடினால் வரிசையாக வந்து நிற்பவை பெரும்பாலும் இந்த 446 செட்டுகளாக இருப்பதில்லை. பாவ்ஃபெங் பிஎஃப்-888எஸ், யூவி-5ஆர் போன்றவை மலிவானவை, உறுதியானவை, உலகெங்கும் விற்பவை. ஆனால் முதலாவது 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் பேசக்கூடியது. இரண்டாவது அதோடு 136 முதல் 174 வரையிலும் ஒலிபரப்பக்கூடியது. காவல்துறை, தீயணைப்பு, கப்பல் போக்குவரத்து ஆகியவற்றின் அலைவரிசைகள் பலவும் இந்த எல்லைகளுக்குள் அடங்கியிருக்கின்றன. விவரம் தெரியாத ஒருவர் பட்டனை அழுத்தினால் யாருடைய அவசரப் பேச்சு தடைபடும் என்று சொல்ல முடியாது. ஆகவே உரிமம் கேட்பதை வெறும் கெடுபிடியாக நான் பார்க்கவில்லை. உரிம விவரம் சொல்லாமல் இவற்றை விற்றதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் பல இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு, அலைவரிசையையும் அரசு ஒப்புதலையும் குறிப்பிடாமல் இவற்றைப் பட்டியலிடக் கூடாது என்று வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது.

எனவே வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. இந்த செட் 446.0–446.2க்குள் மட்டும்தான் ஒலிபரப்புமா? இந்த மாடலுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் இடிஏ எனப்படும் கருவி வகை ஒப்புதல் சான்றிதழ் இருக்கிறதா, அதன் எண் என்ன? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் அன்போடு வாங்கி வரும் செட்டுகளுக்கும் இது பொருந்தும். அங்கே குடும்பப் பயன்பாட்டுக்கென்று விற்பவை 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை; அங்கே உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்பதால் இங்கேயும் பயன்படுத்தலாம் என்றாகாது. இன்னொரு வகையும் சந்தையில் இருக்கிறது: தூரத்துக்கு எல்லையே இல்லை என்ற விளம்பரத்தோடு வரும், சிம் கார்டு போடும் செட்டுகள். பார்க்க வாக்கி-டாக்கி போலவே இருந்தாலும் அவை செல்போன் டவர் வழியாகப் பேசுபவை. டவர் இல்லாத இடத்துக்காக வாங்குகிறவருக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

இனி தூரம். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பெட்டிகள் தாராளமாக அளந்துவிடுவதும் இதைத்தான். இந்த அலைவரிசையில் வானலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறது. பூமியின் வளைவுக்கு அப்பால் சற்றே வளைந்து போகுமே தவிர, மலையைத் துளைத்துக்கொண்டோ வானில் மோதித் திரும்பியோ வராது. சமதரையில் இருவர் ஆளுக்கொரு செட்டை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றால், நடுவில் மரமோ வீடோ ஒன்றுமே இல்லாத நிலையிலும் அடிவானம் அனுமதிப்பது சுமார் 10 கிலோமீட்டர்தான். அதுவும் கணக்குக்குத்தான், தரையை ஒட்டிப் போகும் அலை வழியிலேயே நலிந்துவிடும். அவர்களில் ஒருவர் 100 மீட்டர் உயரக் குன்றின் உச்சிக்குப் போய்விட்டால் அதே அடிவானம் 45 கிலோமீட்டரைத் தாண்டிவிடுகிறது. பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இந்த ஒரு கணக்கில் விளங்கிவிடும். கட்டடங்கள் நெருங்கிய ஊருக்குள் இதே செட்டு அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் போவதே பெரிது.

திறனைக் கூட்டினால் தூரம் கூடாதா என்று பலர் கேட்கிறார்கள். இந்த வகைச் சிறு செட்டுகள் அரை வாட் அளவில் இயங்குபவை. ஐந்து வாட் என்றால் பத்து மடங்கு திறன். ஆனால் தடையே இல்லாத வெட்டவெளியில்கூட அது மூன்று மடங்கு தூரத்தைத்தான் தரும். நடுவில் ஒரு மேடு நின்றுவிட்டாலோ அந்த மூன்று மடங்கும் அந்த மேட்டோடு சரி. பத்து மடங்கு திறன் செய்யாததைப் பத்து அடி ஏறி நிற்பது செய்துவிடும்.

எங்கள் தோட்டத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். அண்ணன் கீழே வீட்டுத் திண்ணையில் ஒரு செட்டோடு உட்கார்ந்துகொள்ள, நான் இன்னொன்றை எடுத்துக்கொண்டு மேலே நடந்தேன். நின்று பேசிய ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிச் சொல்வேன். அவர் கேட்ட வகையை நோட்டில் குறித்துக்கொள்வார். ஓடை தாண்டியதும் குரலோடு கரகரப்பு சேர்ந்தது. பலாமரங்களுக்குக் கீழே இரண்டு எண்கள் விழுங்கப்பட்டன. மிளகுக் கொடிகள் அடர்ந்த சரிவில் ஒன்றுமே போய்ச்சேரவில்லை. அங்கிருந்து சில எட்டு வைத்து, சரிவை விட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பாறையின் மேல் ஏறி நின்றபோது, பக்கத்தில் நிற்பவர் பேசுவதைப் போல அண்ணன் குரல் துல்லியமாக வந்தது. வீட்டின் ஓட்டுக் கூரை அந்தப் பாறையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் காரணம். அதே நடையை மழை நின்ற ஒரு காலையில் திரும்ப நடந்தபோது, முன்பு சுமாராகக் கேட்ட சில இடங்கள் ஊமையாகிவிட்டிருந்தன. நனைந்த இலைகள் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சிவிடும். ஆகவே வெயில் நாளில் செய்த சோதனையை மட்டும் நம்பக் கூடாது. இப்போது அந்தப் பாறையில் வெள்ளைப் பெயின்டால் ஒரு வட்டம் இருக்கிறது. பேச வேண்டியிருந்தால் அங்கே போய் நின்று பேச வேண்டும் என்பது வேலைக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். புதிதாக செட் வாங்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இப்படி நடந்து பார்ப்பதுதான் என்பேன்.

வாங்கும் செட்டில் வேறு என்ன பார்க்க வேண்டும் என்றால், என் கணக்கில் பேட்டரிக்குத்தான் முதலிடம். செட்டோடு மட்டுமே வரும் தனி வடிவ லித்தியம் பேட்டரியை விட, சாதாரண பென்சில் செல்லும் போட்டுக்கொள்ளக்கூடிய செட் மலையில் பாதுகாப்பானது. மின்சாரம் இல்லாத நாளில் பெட்டிக்கடையில் செல் கிடைத்துவிடும். லித்தியம்தான் என்றால் யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறுகிறதா என்று பாருங்கள். பவர் பேங்க் கைகொடுக்கும். மழைத்தூறலைத் தாங்கும் உறை, கையுறை போட்ட விரலுக்கும் அகப்படும் பேசும் பட்டன், பட்டன்களைப் பூட்டிவைக்கும் வசதி ஆகியவை பயன்படும். டார்ச் விளக்கும் எஃப்எம் ரேடியோவும் இருந்தால் இருக்கட்டும், அவற்றுக்காகக் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

அமைப்பது எளிது. இந்தப் பட்டையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 சேனல்கள் அடங்கும்; முதல் சேனல் 446.00625 மெகாஹெர்ட்ஸ், கடைசிச் சேனல் 446.19375. பழைய மாடல்களில் முதல் எட்டுதான் இருக்கும், ஆகவே கலந்து வாங்குகிறவர்கள் எட்டுக்குள்ளேயே ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது. அரை மணி நேரம் ஒவ்வொரு சேனலாகக் காது கொடுத்துப் பார்த்து, ஆள் நடமாட்டமில்லாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக வருவது துணைக்குறியீடு. சிடிசிஎஸ்எஸ் எனப்படும் இது, நம் குரலோடு காதுக்குப் புலப்படாத ஒரு தாழ்ந்த ஒலியைச் சேர்த்து அனுப்புகிறது; அதே ஒலியோடு வரும் பேச்சுக்கு மட்டுமே எதிர்முனையில் ஸ்பீக்கர் திறக்கும். இதைச் சில நிறுவனங்கள் தனிமைக் குறியீடு என்ற பெயரில் விற்பதால், நம் பேச்சு பிறருக்குக் கேட்காது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. குறியீடு போடாத செட்டை வைத்திருக்கும் எவரும் நாம் பேசுவது அத்தனையையும் கேட்கலாம். மற்றவர் பேச்சு நம் காதுக்கு வராமல் இருப்பதற்குத்தான் அது உதவும். வீட்டில் பணம் இருக்கும் இடத்தையோ, வீடு பூட்டிக் கிடப்பதையோ வாக்கி-டாக்கியில் பேசாதீர்கள்.

வெவ்வேறு நிறுவனங்களின் செட்டுகளை ஒன்றோடொன்று பேசவைக்கும்போது குறியீட்டு எண்ணை நம்பாமல் கையேட்டில் உள்ள ஹெர்ட்ஸ் அளவை ஒப்பிட வேண்டும். வழக்கமான 38 குறியீட்டு வரிசையில் எட்டாவது என்பது 88.5 ஹெர்ட்ஸ், சில நிறுவனங்கள் வரிசையில் 69.3ஐயும் சேர்ப்பதால் அவற்றில் அதே 88.5 ஒன்பதாவதாகிவிடும். இரண்டு செட்டிலும் எட்டு என்று வைத்துவிட்டு, ஏன் கேட்கவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குழப்பம் வந்தால் இரண்டிலும் குறியீட்டை அணைத்துப் பேசிப் பாருங்கள். கேட்டால் சேனல் சரி, தவறு குறியீட்டில்தான். வாய் திறந்தாலே தானாக ஒலிபரப்பும் வாக்ஸ் வசதியை அணைத்துவிடுங்கள். காற்றுச் சத்தத்துக்கும் நாய் குரைப்பதற்கும் அது விழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்றுவிடும்.

பேசும் முறைக்கும் பழக்கம் வேண்டும். பட்டனை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேசத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சொல் போய்ச்சேராது. செட்டை நிமிர்த்தி, வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். இரண்டு ஆன்டெனாக்களும் செங்குத்தாக இருந்தால்தான் சிக்னல் முழுமையாகச் சேரும். இடுப்பில் செருகியபடி கேட்டால் நம் உடம்பே பாதியை மறைத்துவிடும். அழைப்பு வரக்கூடிய நேரத்தில் தோள்பட்டையில் மாட்டிக்கொள்வது நல்லது. கார் அல்லது ஜீப்புக்குள் இருந்தால் இரும்புக்கூடு தடுக்கும், இறங்கி நின்று பேசுங்கள். நாங்கள் ஒவ்வொரு மணி நேரத்தின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் செட்டை உயிரோடு வைத்திருப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். மற்ற நேரங்களில் அணைத்து வைப்பதால் ஒரு சார்ஜ் பல நாள் வருகிறது. காப்புக்காட்டுக்குள் செட்டோடு போவதாக இருந்தால் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

இந்தத் தூரம் போதாது, ஊர் விட்டு ஊர் பேச வேண்டும் என்ற ஆர்வம் உள்ளவர்களுக்கு ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில் பேசும் முறை, இருக்கிறது. 12 வயது நிறைந்த எவரும் மத்திய அரசின் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும் கேட்பார்கள், ரெஸ்ட்ரிக்டட் எனப்படும் தொடக்க நிலைக்கு மோர்ஸ் என்ற புள்ளி-கோடு தந்திக் குறியீடு தேவையில்லை. உரிமம் வந்த பிறகு யூவி-5ஆர் போன்ற மலிவான செட்டுக்கும் முறையான வேலை கிடைக்கும்: 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 434 முதல் 438 வரையிலும் பேசலாம், மலை உச்சியில் நம் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் வழியாகத் தொலைவுக்கும் போகலாம். அந்த செட்டில் சேனல்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திச் சேமிப்பது பெரும் தொல்லை. சிர்ப் என்ற இலவச மென்பொருளும் ஒரு கேபிளும் இருந்தால் கணினியில் அட்டவணையாக அடித்து ஏற்றிவிடலாம். ஏற்றுவதற்கு முன் செட்டில் ஏற்கெனவே இருப்பதை ஒரு முறை படித்துக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள்.

2004 டிசம்பரில் சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, ஹாம் ரேடியோ நிலையம் அமைத்துப் பேசுவதற்காகப் போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும்தான் தொடர்பு அறுந்த தீவுகளின் செய்தியை வானலை வழியே வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள். ஹாம் உரிமம் பெற எனக்கு ஆசை வந்ததற்கு அந்தச் செய்தியே காரணம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹாம் அலைவரிசையில் உரிமம் பெற்றவர் இன்னோர் உரிமதாரரோடுதான் பேசலாம், தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. எனவே வீட்டில் ஒருவர் தேர்வு எழுதிவிட்டு எல்லோர் கையிலும் யூவி-5ஆர் கொடுத்துவிட முடியாது. தோட்டத்து வேலைக்கும், குழந்தைகளோடு மலையேறும் நாளுக்கும் 446 செட்டே சரியானது.