சீராளனிட்ட ஆரும் கேட்டவையோ?

எங்கட பள்ளிக்கூடம் கரையோரக் கிராமத்தில, பாதிப் பிள்ளையள் சைவம், பாதி கத்தோலிக்கம். சமய பாடம் வந்தா வகுப்பு ரெண்டாப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளையள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வகுப்புக்குப் போவினம், சைவப் பிள்ளையள் என்னோட. இலங்கையில படிச்ச ஆக்களுக்கு இது புதுசில்ல, ஓஎல் எண்ட பதினோராம் தரப் பொதுப் பரீட்சையில சமயம் கட்டாய பாடம் தானே, அவையவைக்கு அவையவையின்ர சமயம்.

போன தவணை தரம் 8க்கு நாயன்மார் எடுக்கேக்க நானா இழுத்துவிட்ட கதை தான் சிறுத்தொண்டர். வயிரவ அடியாரா வந்த சிவபெருமான் பிள்ளைக்கறி கேக்கிறார், சிறுத்தொண்டர் பள்ளிக்கூடத்துக்குப் போய் மகன் சீராளனைத் தோளில தூக்கிக்கொண்டு வாறார், தாய் மடியில வைச்சுப் பிடிக்கத் தகப்பன் அரியிறார். பிறகு அடியார் 'பிள்ளையைக் கூப்பிடு, அவனோட இருந்து தான் சாப்பிடுவன்' எண்டு சொல்ல, வாசல்ல நிண்டு கூப்பிடினம், அவன் ஓடி வாறான். நான் நல்லா உருகித் தான் சொன்னனான், முடிச்சிட்டுப் பாக்கிறன், முன் வாங்கில ஒரு பெட்டை கையைத் தூக்கிக்கொண்டு நிக்கிறாள்.

"ரீச்சர், அந்தப் பெடியனிட்ட ஆரும் கேட்டவையோ?"

அது இறைவன்ர சோதனை அம்மா, பக்திக்கு முன்னால பிள்ளைப் பாசமும் சின்னது எண்டு காட்டத் தான் எண்டு சொன்னன். பதினொரு வருசமா வைச்சிருக்கிற பதில். அவள் ஓம் எண்டு கொப்பியில எழுதினாள், ஆனா அந்த ஓம் எனக்குப் பிடிக்கேல்ல.

எங்கட சமய பாடத்தில கேள்வி கேக்கிறது புத்தகம், பதில் சொல்லுறது பிள்ளை. இது யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் காலத்துப் பழக்கம். அவர் மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில படிச்சு, அங்கயே படிப்பிச்சு, பேர்சிவல் பாதிரியாரோட பைபிள் மொழிபெயர்ப்பிலயும் வேலை செய்த மனுசன். பிறகு 1848இல வண்ணார்பண்ணையில சைவப் பிள்ளையளுக்கெண்டு பள்ளிக்கூடம் துவங்கினார். அவர் எழுதின சைவ வினாவிடையைப் பாத்தா மிசன்காரர் படிப்பிச்ச ஞானோபதேசம் எண்ட கேள்வி-பதில் பாடத்தின்ர அச்சுத் தான், 'உலகத்துக்குக் கருத்தா யாவர்? சிவபெருமான்' எண்டு நேரா துவங்கும். அந்த நேரத்துக்கு அது தேவையாயும் இருந்தது, நான் அவரைக் குறை சொல்லேல்ல. ஆனா கையைத் தூக்கிற பிள்ளைக்கு அதுக்குள்ள இடமில்ல.

இன்ரவெல்லில கத்தோலிக்கம் எடுக்கிற ரீச்சரிட்ட சொல்லிச் சிரிச்சன். அவ சிரிக்கேல்ல, "எங்கட ஆபிரகாம் கதையிலயும் இது தான் பிரச்சினை" எண்டா. அதில கடவுள் ஆபிரகாமிட்ட அவற்ர மகன் ஈசாக்கைப் பலி கேக்கிறார். விறகைச் சுமந்துகொண்டு மலையில ஏறேக்க ஈசாக்கே கேக்கிறானாம், நெருப்பிருக்கு விறகிருக்கு, பலிக்கு ஆடு எங்க அப்பா எண்டு. கடவுள் பாத்துக்கொள்ளுவார் எண்டு மட்டும் தகப்பன் சொல்லுறார். பிள்ளை கேட்டது, ஆனா சரியான பதில் கிடைக்கேல்ல.

அண்டைக்கு இரவு, முந்தி மன்னாரில என்னோட படிப்பிச்ச இஸ்லாம் ரீச்சருக்கு வட்ஸ்அப்பில வொய்ஸ் போட்டன். ஆபிரகாமை அவை இப்ராஹிம் நபி எண்டு சொல்லுவினம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆடு மாடு அறுத்துக் குர்பான் குடுக்கிறது அந்தக் கதையின்ர நினைவுக்குத் தானே. அவ உடன பதில் போட்டா: குர்ஆனில வாப்பா மகனிட்டக் கேக்கிறார், உன்னை அறுக்கிற மாதிரிக் கனவு கண்டன், நீ என்ன நினைக்கிறாய் எண்டு. மகனும் உங்களுக்குச் சொன்னதைச் செய்யுங்கோ எண்டு சொல்லுறார்.

அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தன். மூண்டு சமயத்திலயும் ஒரு பிள்ளை, ஒரு தகப்பன், ஒரு கத்தி. இப்பிடிச் சேத்துப் பாக்க வேண்டிய இடத்தில தான் நாங்கள் பிள்ளையளைப் பிரிச்சு வேற வேற வகுப்புக்கு அனுப்பிறம்.

அடுத்த கிழமை அவளைக் கூப்பிட்டு இதைச் சொன்னன். பிறகு பெரியபுராணத்தில அந்த இடத்தை வாசிச்சும் காட்டினன், சீராளன் "பள்ளியினின்று ஓடி வருவான் போல" வந்தானாம். அவள் யோசிச்சிட்டு, "அப்ப அவனுக்கு நடந்தது ஒண்டும் தெரியாதோ?" எண்டாள். எனக்கும் தெரியேல்ல எண்டு சொன்னன். வகுப்பில நான் அப்பிடிச் சொன்னது அது தான் முதல் தரம்.

இப்ப தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறன். சீராளனைப் பற்றி ஒரு கேள்வி போடுவம் எண்டு பாத்தன், எப்பிடித் திருத்திறது? கடைசியில 'சிறுத்தொண்டரின் மனைவியின் பெயர் யாது' எண்டு போட்டிருக்கிறன். திருவெண்காட்டு நங்கை எண்டு எழுதினா ஒரு புள்ளி.