மூன்றடி டீப்பாயும் அரை மில்லிமீட்டர் தேக்கும்

கோவையில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கப் பால்கனி ஆறடிக்கு எட்டடி. அந்த இடத்துக்குள் அடங்கும் வேலையாக, மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் கொண்ட ஒரு டீப்பாயைக் கையால் செய்வது என்று தீர்மானித்தேன். கால்களும் சட்டங்களும் முழுத் தேக்கு. மேற்பலகை மட்டும் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டின் மேல் தேக்கு வெனீர் ஒட்டியது. வெனீர் என்றதும் மைக்கா ஒட்டுவதைப் போன்ற ஒப்பேற்றல் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது மரக்கட்டையிலிருந்து அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்த அசல் மரம். முழு மரப் பலகை மழைக்காலத்தில் ரேகைக்கு, அதாவது நார் ஓடும் திசைக்கு, குறுக்காக அகன்று கோடையில் சுருங்கும் என்பதால், அதில் ரேகைகளை எதிரெதிராகத் திருப்பிக் கோலம்போல் அமைத்தால் எங்காவது ஓரிடத்தில் இணைப்பு விட்டுப்போகும். பிளைவுட்டின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்த அசைவு அதில் மிகக் குறைவு. நான் விரும்பிய வடிவத்துக்கு வெனீரைத் தவிர வேறு வழி இல்லை.

கால்களுக்கான மரம் பழைய மரக்கடையில் கிடைத்தது. இடித்த வீடொன்றின் நிலைச்சட்டம் அது. வாங்கி வந்த அன்றே காந்தத்தை அதன் மேல் ஓட்டிப் பார்த்து, உள்ளே முறிந்து கிடந்த நான்கு ஆணிகளை எடுத்துவிட்டுத்தான் இழைப்புளியைத் தொட்டேன். காலில் துளையும், அதற்குள் நுழையும் நாக்கான கழுந்தைச் சட்டத்திலும் போட்டு இரண்டையும் சேர்க்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கையே பின்பற்றினேன். அதில் சொல்லும்படியாக வேறொன்றும் நடக்கவில்லை.

மேற்பலகைதான் என்னைப் படுத்திவிட்டது. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய நான்கு தாள்களை, புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவதைப்போல இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்பி வைத்தால், நான்கும் சந்திக்கும் நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு முழு வடிவம் உருவாகும். அதைச் சுற்றி ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஈட்டி (ரோஸ்வுட்) வெனீர்ப் பட்டை. ஈட்டி மரத்தைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. அப்படிப்பட்ட மரத்தை முழுப் பலகையாகப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஓரங்குலக் கனத்தில் ஒரு பலகை ஆகும் கட்டை, வெனீராகச் சீவினால் கணக்குப்படி ஐம்பது தாள் தரும்.

வாங்கிய தேக்குத் தாள்கள் அப்பளம்போல் நெளிந்திருந்தன. அப்படியே அழுத்தினால் நொறுங்கும். தண்ணீரில் சிறிது கிளிசரின் கலந்து தெளித்து, பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்துப் பலகையால் அமுக்கி, செய்தித்தாள்களைத் தினமும் மாற்றி வந்ததில் நான்காம் நாள் துணிபோல் படிந்தன.

நேரடியாக மேற்பலகையில் இறங்காமல், ஓரடிச் சதுரமான மெல்லிய பிளைவுட் துண்டில் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டியபோது தட்டையாக இருந்தது. இரண்டு நாளில், வெனீர் ஒட்டிய முகம் குழிந்து, மூலைமட்டத்தை மேலே வைத்தால் நடுவில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தது. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. “மேல ஒட்டுனா கீழயும் ஒட்டணும் தம்பி, இல்லாட்டிப் பலகை கோவிச்சுக்கும்” என்றார். பசையில் உள்ள ஈரத்தைக் குடித்து வெனீர் விரிகிறது. அந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டு, பிறகு காயும்போது சுருங்கி, தான் ஒட்டியிருக்கும் முகத்தை இழுக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் அதே அளவு இழுப்பு இருந்தால்தான் பலகை நேராக நிற்கும். யாரும் பார்க்கப்போகாத அடிப்பக்கத்துக்கென்று விலை குறைந்த வெனீர் தனியாக வாங்கினேன்.

ஆசாரியின் அப்பா காலத்தில், விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பசையான வச்சிரத்தைக் காய்ச்சிச் சூடாகத் தடவி ஒட்டுவார்களாம். வச்சிரத்தில் ஒரு வசதி, தவறாக ஒட்டியதைச் சூடும் ஈரமும் காட்டித் திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் அதைக் காய்ச்சும் வாடைக்கு எங்கள் குடியிருப்பில் அனுமதி கிடைக்காது என்பதால் வெள்ளைப் பசையையே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது அழுத்தம். நான்கு அரிசி மூட்டைகளை அடுக்கினால் போதும் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். இருபத்தைந்து கிலோ வீதம் நூறு கிலோ. ஆனால் பலகையின் பரப்போ ஏறத்தாழ 4,180 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழுவது வெறும் 24 கிராம். பட்டறைகளில் பயன்படுத்தும், உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துப் பலகையை அழுத்தும் வெற்றிடப் பையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 800 கிராம் கிடைத்தால்கூட, இதே பலகையின் மேல் மூன்று டன்னுக்கு மேல் அமரும். மூட்டைகளைச் சமையலறைக்கே திருப்பிவிட்டு, பலகையின் அகலத்துக்குக் குறுக்காக மேலும் கீழுமாக ஐந்து ஜோடிக் கட்டைகளை வைத்து இரு முனைகளிலும் கிளாம்ப் போடும் முறைக்கு மாறினேன். ஒவ்வொரு கட்டையிலும் பலகையை நோக்கிய முகத்தை நடுவில் இம்மியளவு மேடாக இழைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் முனைகளை முறுக்கும்போது நடுப்பகுதி முதலில் அழுந்தி, மிகுதிப் பசை ஓரங்களை நோக்கி ஓடும்.

தாள்களின் ஓரங்களை இரு நேரான கட்டைகளுக்கு நடுவே இறுக்கி, கூரிய இழைப்புளியால் ஒரே சீவலில் சமன்செய்தேன். பசையைத் தாளில் தடவக் கூடாது, பலகையில்தான் தடவ வேண்டும். தாளில் தடவினால் உடனே சுருண்டுகொள்ளும். இரு பக்கமும் பசை உருட்டி, தாள்களை வைத்து, பாலிதீன் விரித்து, பத்து கிளாம்ப்களையும் முறுக்கி முடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது என்று ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தேன். பதினான்கு நிமிடம் ஆயிற்று.

மறுநாள் பிரித்தபோது இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, ஈரப் பசையில் தாள்கள் வழுக்கியதால் நடுப்புள்ளி நீளவாக்கில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. அதற்கு ஏற்றபடி ஈட்டிப் பட்டைக்கான கோடுகளை நகர்த்தி அரை மில்லிமீட்டராகக் குறைத்தேன். மீதி அப்படியேதான் இருக்கிறது. மற்றொன்று, விரல் நகத்தால் தட்டிக்கொண்டே வந்தபோது ஒரு மூலையருகே பொள்ளல் ஓசை கேட்டது; அங்கே தாள் ஒட்டவில்லை. அந்த இடத்தை ரேகையின் போக்கிலேயே கத்தியால் கீறி, ஊசியில்லாத மருந்துக்குழாயால் பசை செலுத்தி, தாளின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தேன். இந்தப் பசை சூட்டில் இளகும் என்பதால் அது படிந்துவிட்டது. கீறல் இப்போது எனக்கே தெரிவதில்லை.

பயந்துபோனது அதற்குப் பிறகுதான். உப்புத்தாள் போட்டுத் துடைத்ததும் நான்கு கட்டங்களில் இரண்டு கருமையாகவும் இரண்டு வெளிறியும் தெரிந்தன. எதிர்மூலைகளில் இருப்பவை ஒரே நிறம். வேறு கட்டையின் தாள்களைக் கலந்து கொடுத்துவிட்டார்களோ என்று கோபத்துடன் பலகையைச் சுற்றி வந்தபோது, கருத்த கட்டங்கள் வெளிறின, வெளிறியவை கருத்தன. ஒரு தாளின் மேல்முகமும் அடுத்ததன் அடிமுகமும் மாறி மாறி வருவதால் நார்கள் ஒளியை எதிரெதிர்த் திசையில் சாய்த்து அனுப்புகின்றன. புத்தகப் பொருத்தத்தின் இயல்பு அது, பிழை அன்று. இப்போது அந்த மினுக்கம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்திருக்கிறது.

உப்புத்தாளைச் சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு 180, 240, 320 என்ற எண் வரிசையில் கையால்தான் தேய்த்தேன். அப்படியும் ஒரு விளிம்பில் ஈட்டி தேய்ந்து பிளைவுட்டின் வெளிர் நிறம் எட்டிப்பார்த்தது. அரை மில்லிமீட்டரில் தயவுதாட்சண்யத்துக்கு இடமில்லை. ரேகையின் போக்கில் ஓடம்போன்ற வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, அதே வடிவில் வேறொன்றைப் பதித்தேன்.

மெருகுக்கு அரக்குப் பாலிஷ்தான் என் ஆசை. ஆனால் டீப்பாயின் மேல் சூடான டம்ளரை வைக்காதீர்கள் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அரக்கின் மேல் சூடு பட்டால் வெள்ளை வளையம் விழும். ஆகவே மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரே ஒரு பூச்சு கொடுத்து, அதன் மேல் பாலியூரிதேன் என்ற வார்னிஷ் மூன்று பூச்சு. மேல்முகம் முடிந்துவிட்டது. அடிப்பக்கத்துக்கும் அதே மூன்று பூச்சு வேண்டும், இல்லையென்றால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறும். அதில் இரண்டு ஆயிற்று. ஐப்பசி மழை விடாததால் மூன்றாவது பூச்சு பாக்கி நிற்கிறது. அது காய்ந்ததும் பலகையைச் சட்டத்தோடு திருகிப் பூட்ட வேண்டும்.