ஒன்பது பைட் கெஸ்ட்: என் கடைசி வருட பிராஜெக்ட் அனுபவம்

ஹைப்பர்வைசர், அதாவது ஒரு கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓடவைக்கும் மென்பொருள், எழுதப்போகிறோம் என்றதும் எங்கள் கைடு சிரித்தார். சிரித்ததில் தப்பில்லை. முதல் மூன்று வாரம் நேராக லினக்ஸையே பூட் செய்யப் பார்த்தோம், கறுப்புத் திரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. அஸ்தம்பட்டி அறையில் தட்டுவடை செட் தீர்ந்ததுதான் மிச்சம்.

இதே தலைப்பை எடுக்கும் ஜூனியர்கள் அந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம். கஷ்டமான பகுதியை லினக்ஸ் கெர்னலின் விர்ச்சுவலைசேஷன் வசதியான கேவிஎம் பார்த்துக்கொள்ளும். 2007-இல் வந்த 2.6.20 கெர்னலிலிருந்தே அது லினக்ஸோடு இருக்கிறது. டெவ் அடைவில் அதன் கோப்பைத் திறந்து, ஒரு விஎம் (மெய்நிகர் கணினி) உருவாக்கி, நினைவகம் கொடுத்து, ஒரு விசிபியூ (மெய்நிகர் பிராசசர்) சேர்த்து, ஓடு என்று சொல்ல வேண்டியதுதான். கோப்பே இல்லையா? பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் லேபில் எல்லாக் கணினியிலும் அணைந்துதான் கிடந்தது.

நாங்கள் கடைசியில் ஓடவைத்த கெஸ்ட், அதாவது விஎம்முக்குள் ஓடும் நிரல், மொத்தமே 9 பைட். 3-ஐயும் 4-ஐயும் கூட்டி, விடையை சீரியல் போர்ட்டுக்கு அனுப்பிவிட்டு நின்றுவிடும். அங்கே வருவதை எங்கள் புரோகிராம் திரையில் காட்டும். இதிலும் இரண்டு இடத்தில் கால் இடறும். விசிபியூ நிஜ பிராசசர் மாதிரியே நினைவக முகவரியில் 4 ஜிபிக்கு 16 பைட் கீழே இருந்துதான் தொடங்கும். அங்கே நாம் நினைவகமே வைத்திருக்க மாட்டோம். அதனால் கோட் செக்மென்ட்டின் பேஸ், செலக்டர் இரண்டையும் பூஜ்யமாக்கி, இன்ஸ்ட்ரக்ஷன் பாயின்ட்டரை நம் கோட் இருக்கும் இடத்துக்குத் திருப்ப வேண்டும். அப்புறம் ஃபிளாக்ஸ் ரெஜிஸ்டரில் 2 போட வேண்டும். அந்த எண் குறிக்கும் பிட் எப்போதும் 1 ஆக இருக்க வேண்டும் என்பது பிராசசரின் விதி.

எல்லாம் சரியாக வைத்து ஓடவிட்டபோது ராத்திரி ஒரு மணி. திரையில் எதுவும் வரவில்லை, லேப்டாப் மட்டும் ‘டிங்’ என்றது. மறுபடி ஓட்டினால் மறுபடி டிங். நண்பன்தான் கண்டுபிடித்தான்: எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் 7 என்பது மணியடிக்கும் குறியீடு. ‘7’ என்ற எழுத்து வேண்டுமென்றால் 48-ஐக் கூட்ட வேண்டும். அந்த டிங்தான் எங்கள் கெஸ்ட் பேசிய முதல் வார்த்தை.

விரிவாக்கக்கூடியதாக எழுதுங்கள் என்று கைடு சொன்னது அப்போது புரியவில்லை. கெஸ்ட் நின்று நம் புரோகிராமிடம் திரும்பும் எக்ஸிட் ஒவ்வொன்றுக்கும் ஸ்விட்ச்சில் ஒரு கேஸ் எழுதிக்கொண்டே போனோம். இரண்டாவது டிவைஸ் சேர்த்ததும் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவு மாதிரி ஆகிவிட்டது கோட். பிறகு தொடக்க போர்ட், எத்தனை போர்ட், அழைக்க வேண்டிய ஃபங்ஷன் என்று ஒரு அட்டவணை போட்டோம். ரன் லூப் அதில் தேடி அழைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு டைமர் சேர்த்தபோது லூப்பைத் தொடவே இல்லை.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வி: “கெஸ்ட் ஓடும்போது உங்க புரோகிராம் என்னப்பா செய்யுது?” நான் ‘ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனா படிச்சு...’ என்று உளறினேன். அது எமுலேட்டர் செய்கிற வேலை. கேவிஎம்மில் கெஸ்ட்டின் கோட் நேரடியாக பிராசசரிலேயே ஓடுகிறது. நம் திரெட் எக்ஸிட் வரும்வரை அந்த அழைப்பிலேயே காத்திருக்கும். இதைத் தெளிவாகச் சொல்லப் பழகிவிட்டுப் போங்கள்.

அடுத்து எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர், “4-க்குப் பதிலா 8 போடுங்க” என்றார். போட்டேன். திரையில் ஓர் அரைப்புள்ளி வந்தது. “பதினொண்ணு எங்கேப்பா?” என்றார். 11-உம் 48-உம் 59, ஆஸ்கியில் அது அரைப்புள்ளி சார் என்றேன். இந்தத் தடவை அவர் சிரித்தார்.