லிஃப்ட் பராமரிப்பு

தயிர்சாத டப்பாவைத் திறப்பதற்குள் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழுவின் கூட்டம் நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குத் துணையாக இருக்கட்டுமே என்றுதான் போட்டேன்.

கூட்டப் பட்டியலில் யாரும் தனியாக எடுத்துப் பேசக் கேட்காத விஷயங்களை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, ஒரே வாக்கில் நிறைவேற்றிவிடுகிறார்கள்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. உள்ளாட்சிக் கூட்டங்கள் மக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்கிற கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டம் 1953லிருந்து இருக்கிறது. வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே பட்டியலை வெளியிட்டாக வேண்டும். வெளியிடுகிறார்கள். நான்தான் படித்ததில்லை.

சரி, ஒன்றையாவது பார்ப்போம் என்று திறந்தேன். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம். கொட்டாவி வரவழைக்கும் தலைப்பு. நடுவில் ஒரு வரி: காலத்தை மேலும் நீட்டிக்கும் அதிகாரம் துறைத் தலைவருக்கு அளிக்கப்படுகிறது.

அதாவது, அடுத்த நீட்டிப்பு குழுவின் முன்னால் வர வேண்டிய அவசியமே இல்லை! அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

ஒரு விதத்தில் நியாயம்தான். கிட்டத்தட்ட ஒரு கோடி மக்கள், மேசையில் ஐந்தே பேர். ஒவ்வொரு லிஃப்டையும் விவாதித்தால் விடிந்துவிடும். ஐந்தை ஒன்பதாக்க 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள். அது நடைமுறைக்கு வர 2032 ஆகும்.

அதுவரை அந்த நடு வரிகளை யார் படிப்பது?

பட்டியலில் இன்னும் பாதி பாக்கி. நல்லவேளை, தயிர்சாதம் ஆறிப்போகிற பண்டமில்லை.